இரண்டு ஸ்பூன் தண்ணீர்

பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியூர்ச் சாமியார் வந்து உட்கார்ந்தால்தான் இந்த மாதா கோவில் பங்கில் பாவம் என்று ஒன்று இருப்பதே தெரியவரும். வரிசையின் வாலில் நின்றுகொண்டு செலஸ்தீன் அப்படித்தான் நினைத்தாள். கோவிலின் இடது பக்க வராந்தாவில் பங்குச் சாமியார் ஊதாப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வியாபாரம் இல்லாத கடைக்காரர் மாதிரி ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். வலது பக்கத்தில், எங்கிருந்தோ இன்றைக்கு மட்டும் வரவழைத்த ஒல்லிச் சாமியார் முன்னால் ரேஷன் கடை தோற்றுப்போகும் கூட்டம். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டு, அவர் அடுத்த வாரம் வீடு மந்திரிக்க வரும்போது அதே கையால் காப்பி எடுத்துக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? தவக்காலத்தின் கடைசியில், முகம் தெரியாத ஒரு மனுஷன் காதில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால், அவர் சாயங்காலமே பஸ் ஏறிவிடுவார், பாவமும் அவரோடு பஸ் ஏறிவிடும், ஊர் சுத்தமாகிவிடும். செலஸ்தீனும் அதற்குத்தான் வந்திருந்தாள். வந்திருந்தாள் என்றால், கால்கள் வந்திருந்தன. மனசு இன்னும் வீட்டில், வெளியே பூட்டுப்போட்ட கதவுக்கு உள்ளே, நடு அறைக் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஃபேனை இரண்டில் வைத்தோமா மூன்றில் வைத்தோமா. கட்டிலின் அந்தப் பக்கம் நாற்காலியை ஒட்டிப் போட்டோமா, உருண்டு விழாமல் இருக்க. டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துத் தட்டால் மூடினோம், அது தெரியும், அது நன்றாகத் தெரியும், அந்த டம்ளர் விஷயத்தில் மட்டும் மறதியே வருவதில்லை. பங்குனி வெயில் வராந்தாவின் ஓரத்தில் ஏறி, செருப்பில்லாத அவள் கால் விரல்களைத் தொட்டது. அவள் ஒரு அடி உள்ளே தள்ளி நின்றாள். வீட்டில் அந்த அறைக்கு இந்நேரம் மேற்கு வெயில் வந்திருக்கும். கட்டிலில் கிடப்பவள் ஒரு அடி தள்ளிப் படுக்க முடியாது.

"என்னக்கா, நீங்களுமா லைன்ல?" என்று முன்னால் நின்ற ரோஸ்லின் திரும்பினாள். மாதா சபையில் சேர்ந்து ஆறேழு மாதம்கூட ஆகாதவள், எதையும் கேட்டுவிடுகிற வயசு. "உங்களுக்கெல்லாம் என்னக்கா பாவம் இருக்கப்போவுது? நாங்க நிக்கிறோம், நியாயம். நேத்துகூட எங்க மாமியாரப் பாத்துக் கொழம்புச் சட்டியத் தூக்கிட்டேன்." "போட்டியா?" என்றாள் செலஸ்தீன். "இல்லக்கா, கொழம்பு இருந்துச்சு." முன்னால் யாரோ சிரித்தார்கள். செலஸ்தீனும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் ரோஸ்லின் அடுத்ததை ஆரம்பித்துவிட்டாள். "நீங்க ரெண்டு வருஷமா அந்த அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுறீங்க. பங்குச் சாமியாரு பிரசங்கத்துலயே சொன்னாரே, பேரச் சொல்லாம. எல்லாரும் உங்களத்தான் திரும்பிப் பாத்தோம்." ஆமாம், பார்த்தார்கள். மாதாவின் திருநாள் அன்று, மாமியாரைத் தாயாகப் பார்க்கிற மருமகள்கள் இந்தப் பங்கிலும் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது மொத்தக் கோவிலும் முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள், அதையும் தாழ்ச்சி என்று எழுதிக்கொண்டார்கள். இந்தப் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் தியானம் சொல்ல வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தபோது, மூன்றாம் வார்த்தையை, ஆண்டவர் தன் தாயைச் சீடனிடம் ஒப்படைக்கிற வார்த்தையை, செலஸ்தீனுக்கு என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் என்ன சொல்வது. வாங்கிக்கொண்டாள். இன்னும் ஒரு வரி எழுதவில்லை. காகிதத்தை எடுத்து வைத்தால், கட்டிலில் இருந்து அந்தக் கண்கள் காகிதத்தைப் பார்க்கின்றன. மாமியாருக்குப் பேச்சு போய்விட்டது, வலது பக்கம் போய்விட்டது, கண் போகவில்லை. எதெது போகக் கூடாதோ அது போகும், எது போனால் தேவலையோ அது நிலைக்கும்.

வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. நகர்ந்ததும் அந்தப் பழைய பயம், புது நன்மைக்கு முன்னால் முதன்முதலாகப் பாவம் சொல்லப் பழகின வருஷத்தின் பயம், திரும்பி வந்தது. மதர் கொன்சாகா. ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி, முக்காட்டுக்குள் மாவு பிசைந்து அழுத்தி வைத்த மாதிரி முகம். வகுப்பறையில் கரும்பலகையைக் குறுக்கே நிறுத்தி, அந்தப் பக்கம் தான் சாமியாராக உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பிள்ளையையும் முழந்தாளிட வைத்துப் பழக்கினார்கள். பாவம் இல்லாத வயசில் பாவத்துக்கு எங்கே போவது? பிள்ளைகள் முழித்ததும் மதரே கொடுத்துவிட்டார்கள், பலகாரம் கொடுக்கிற மாதிரி. பொய் சொன்னேன். சண்டை போட்டேன். தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படியவில்லை. செபம் சொல்லாமல் தூங்கினேன். பூசையில் பராக்குப் பார்த்தேன். வாய்ப்பாடு மாதிரி ராகத்தோடு. மொத்த வகுப்பும் அதே ஐந்தைச் சொல்லித்தான் பரிசுத்தமானது. சிரிப்பு என்னவென்றால், செலஸ்தீன் இன்றைக்கு வரைக்கும் அதே ஐந்தைத்தான் சொல்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் சொன்னதும் அதுதான், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு சொன்னதும் அதுதான், போன தவக்காலத்தில், இதே தூணுக்குப் பக்கத்தில் சொன்னதும் அதுதான். அப்பா செத்து எத்தனையோ காலமாயிற்று, அம்மாவும் போய்ச் சேர்ந்தாள், ஐம்பதைத் தாண்டின பொம்பளை முழந்தாளிட்டு, தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படியவில்லை ஃபாதர் என்கிறாள். எந்தச் சாமியாரும், எந்தத் தாய்க்கு, எந்தத் தகப்பனுக்கு என்று கேட்டதில்லை. மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல், சமாதானமாய்ப் போ. அவளும் சமாதானமாய்ப் போயிருக்கிறாள். பல்லுக்கு நடுவில் சிக்கின நாரை நாக்கு தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு சமாதானம்.

ஐந்துக்கும் அப்புறம் ஆறாவதாக ஒன்று இருக்கிறது. அதற்கு மதர் கொன்சாகா வார்த்தை கற்றுக்கொடுக்கவில்லை. அது எப்படி ஆரம்பித்தது என்று யோசித்தால், போன கோடை, கரண்ட் போன ஒரு மத்தியானத்தில் போய் முட்டுகிறது. அன்றைக்குக் காலையில் இருந்து அது மூன்றாவது பெட்ஷீட். டயப்பர் கட்டினால் தொடையில் புண் வந்து தோல் உரிகிறது என்பதால் ரப்பர் ஷீட்டும் பழைய சேலைத் துணியும்தான். ஒவ்வொரு முறையும் அந்தக் கனத்தை இடது பக்கம் உருட்டி, துணியை உருவி, துடைத்து, பவுடர் போட்டு, வலது பக்கம் உருட்டி. இடுப்பில் டிஸ்க் நகர்ந்தவளுக்கு உருட்டுவது என்பது, தன்னையே ரம்பத்தில் வைத்துக்கொள்வது. மூன்றாவதை அலசிக் கொடியில் போட்டுவிட்டு, கழுத்தில் வேர்வை வழிய, மாத்திரைக்கு என்று ஒரு டம்ளர் தண்ணீர் மோந்துகொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். கிழவி வாயைத் திறந்தது. குருவிக்குஞ்சு மாதிரி, நம்பிக்கையாக. அப்போது செலஸ்தீன் நினைத்தது இதுதான், ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: இது உள்ளே போனால் என் தலையில்தான் வெளியே வரும். நினைத்தபடியே டம்ளரைத் தூக்கித் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள். மடக் மடக்கென்று. கடைசிச் சொட்டு வரைக்கும். அவ்வளவு குளிர்ச்சியான தண்ணீரை அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் குடித்ததில்லை. அதுதான் இன்றைக்கும் தாங்க முடியாதது. தப்புச் செய்தது அல்ல, அந்தத் தண்ணீர் ருசித்தது. கிழவியின் வாய் திறந்தபடி இருந்தது, கொஞ்ச நேரம். அப்புறம் மெதுவாக மூடிக்கொண்டது. அன்றைக்குச் சாயங்காலம் பெட்ஷீட் நனையவில்லை.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. காலையில் கஞ்சி, மாத்திரைக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர். சாயங்காலம் இரண்டு ஸ்பூன். இரண்டு என்று யார் வைத்தது? அவள்தான். ஒன்று என்றால் பாவம், மூன்று என்றால் பெட்ஷீட். நடுவில் இரண்டு. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "யூரின் மஞ்சளா போகுது, தண்ணி நெறைய குடுங்கம்மா" என்றபோது, "குடிக்கவே மாட்டேங்குறாங்க டாக்டர், வாயத் திறக்கணுமே" என்று சொன்னாள். கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டே சொன்னாள். சொல்லும்போது கீழே பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் என்ன, அந்தப் பார்வை கீழே இருந்து மேலே வந்து தாடையில் பட்டது, சூடாக. புருஷன் இன்னாசி கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு, "குடிம்மா, செலஸ்து சொல்றதக் கேளும்மா" என்று அம்மாவின் காலைத் தடவினான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்பை அடிக்கிறவன், ஆனால் அம்மாவின் சேலையை மாற்றச் சொன்னால் வாசலில் நின்று அழுவான். ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "எங்கம்மா ஒடம்ப வெளியாளு தொடுறதா? நீ இருக்கும்போதா?" என்றான். பெருமையாகச் சொன்னான், பாவி. அவனை வெறுக்கலாம் என்று எத்தனையோ நாள் முயன்று பார்த்தாயிற்று. அதுவும் முழுசாக வரவில்லை. கிழவியையாவது வெறுக்க முடிந்ததா? மாமியார் சவேரியம்மா கொடுமைக்காரியாக இருந்திருந்தால் இந்தக் கணக்கு எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும். பட்டினி போட்டாள், சூடு வைத்தாள் என்று ஏதாவது ஒன்று. அவள் பழசையெல்லாம் கிளறிப் பார்த்தாள், குப்பைத்தொட்டியில் மோதிரம் தேடுகிற மாதிரி. கிடைத்தது என்ன? மீன் பொரித்தால் நடுத்துண்டை மகனுக்கு ஒளித்து வைப்பாள். சினிமா நடிகை மாதிரி மைதீட்டாதே என்று ஒருமுறை சொன்னாள். கான்வென்ட்டில் படித்த மருமகள் என்பதால், அக்கம்பக்கத்தில் "எங்க வீட்டு மதர் சுப்பீரியர் இன்னும் எந்திரிக்கல" என்று நக்கல் அடிப்பாள். அதுகூடச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்த ராத்திரிகளில் சத்தமில்லாமல் எழுந்து துணி அலசிப்போட்டதும் அவள்தான். இவ்வளவுதான். ஒரு சாதாரண மனுஷி. சாதாரண மனுஷிக்குச் செய்ததற்குச் சாக்கு எங்கே தேடுவது?

உள்ளே பீடத்தில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். மாதா சுரூபம் இருக்கிற இடத்தில் ஒரு மூட்டை நிற்கிறது. தலை எது, கை எது என்று தெரியவில்லை. மூடி வைத்ததும் நல்லதுக்குத்தான், முகத்தைப் பார்க்க வேண்டாம். பாவத்துக்காக வருந்துகிற மனஸ்தாபம் இரண்டு வகை என்று மதர் கொன்சாகா சொல்லுவார்கள். நரகத்துக்குப் பயந்து வருவது மட்டமானது. ஆண்டவர் மேல் உள்ள அன்பினால் வருவது உத்தமமானது. மட்டமானதாக இருந்தாலும் பாவசங்கீர்த்தனத்தில் செல்லும், ஆனால் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் பிள்ளைகளே, ஒன்றும் இல்லாமல் வரக் கூடாது. செலஸ்தீன் தனக்குள் தடவிப் பார்த்தாள். நரகத்துக்குப் பயம் இருக்கிறதா? அந்த அறையில் மேற்கு வெயில் வருகிற நேரத்தில் நின்றவளுக்கு அதில் புதுசாக ஒன்றும் தெரியவில்லை. அன்பு? அந்த வார்த்தையைத் தொட்டதும் இடுப்பு வலித்தது. அவளிடம் இருந்தது மூன்றாவதாக ஒரு பயம், எந்த ஞானோபதேசத்திலும் இல்லாதது. யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்கிற பயம். கிழவிக்கு என்றைக்காவது பேச்சு திரும்பிவிட்டால், முதல் வார்த்தை தண்ணீர் என்று இருக்குமோ என்கிற பயம். அழுகைகூட வருகிறது சில நாள், குளிக்கும்போது, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. அழுதுவிட்டு வெளியே வந்து சாயங்காலம் இரண்டு ஸ்பூன்தான் கொடுக்கிறாள். அழுவது திருந்துவது இல்லை. திருந்துவது என்றால் என்ன என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும், அதுதான் சங்கடம். மற்றவர்களுக்கு மனம் திரும்புதல் என்பது கண்ணீர், பாட்டு, மெழுகுவர்த்தி. அவளுக்கு அது பெட்ஷீட். இனிமேல் செய்யமாட்டேன் என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தால், இன்றைக்கு ராத்திரியில் இருந்து அந்தக் கனத்தை உருட்ட வேண்டும், நாளைக்கும், நாளன்றைக்கும், ஈஸ்டர் அன்றைக்கும், கிழவி சாகிற வரைக்கும். சாகிற வரைக்கும் என்று நினைத்ததும் மனசு ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுக்காவிட்டால் சீக்கிரம் என்று அது சொல்லவில்லை. சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் அங்கேயே நின்றது, வாசலில் பிச்சைக்காரன் நிற்கிற மாதிரி, கேட்காமல், போகாமல்.

"செலஸ்தீன், நல்லவேளை, உன்னத்தான் தேடினேன்" என்று பிலோமினா டீச்சர் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டார். ரிட்டயர் ஆகியும் கையில் சாக்பீஸ் இருக்கிற மாதிரியே பேசுகிறவர். தாகத்தைப் பற்றிய ஐந்தாம் வார்த்தை அவருக்கு. "எழுதிட்டேன், ஆனா புத்தக நடையா இருக்கு. ஜனங்களுக்கு மனசுல தைக்கிற மாதிரி ஒரு உதாரணம் வேணும். நீதான் படுக்கையில கெடக்கிறவங்களோட இருக்கிறவ. தாகம்னா அந்தம்மா எப்படிக் கேப்பாங்க? பேச்சு வராதே, எப்படிக் காட்டுவாங்க?" செலஸ்தீன் டீச்சரின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள். அதில் வராந்தாவின் வெளிச்சம் சதுரமாகத் தெரிந்தது. எப்படிக் கேட்பாள்? முதலில் கையை நீட்டுவாள், நல்ல கையை, இடதை. அப்புறம் நாக்கை வெளியே விட்டு உதட்டைத் தடவுவாள். அப்புறம் டம்ளரைப் பார்ப்பாள், நம்மைப் பார்ப்பாள், டம்ளரைப் பார்ப்பாள். அதெல்லாம் ஆரம்பத்தில். இப்போது கேட்பதில்லை. நின்றுபோய் எவ்வளவு காலமாயிற்று? எப்போது நின்றது என்று தெரியவில்லை. அது இப்போதுதான், டீச்சர் கேட்டபோதுதான், அவளுக்கு உறைத்தது. "கேக்க மாட்டாங்க டீச்சர்" என்றாள். "கேக்காமலே நீ புரிஞ்சுக்குவ!" என்று டீச்சர் பேனாவை எடுத்தார். "ஆகா. கேளாமலே தரும் அன்பு. இது போதும்டி எனக்கு." "டீச்சர், வரிசை நகருது, சாமியார் என்ன நாம எழுதி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருப்பாரா?" என்று கடித்தாள் செலஸ்தீன். "இவ வாயி இருக்கே" என்று டீச்சர் சந்தோஷமாகப் போனார். அவளுடைய வாய்க்குப் பங்கில் நல்ல பெயர். கத்தி வாய், ஆனால் தங்க மனசு. வாயை வைத்து மனசை மறைக்கிற வித்தையை அவள் எவ்வளவு சின்ன வயசிலேயே கற்றாள்.

ரோஸ்லின் எழுந்து முக்காட்டை இழுத்துக்கொண்டு, முகமெல்லாம் கழுவிவிட்ட மாதிரி வெளியே வந்தாள். அடுத்தது செலஸ்தீன். துணித் தடுப்புக்கு இந்தப் பக்கம் முழந்தாள் படியில் இறங்கியதும் இடுப்பு ஒரு கத்திக் குத்து குத்தியது, நல்லது, இதையும் சேர்த்துக்கொள்ளட்டும். சிலுவை போட்டாள். "ஆசீர்வதிங்க ஃபாதர், பாவசங்கீர்த்தனம் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு." வாய் தானாக ஓடியது. பொய் சொன்னேன், சண்டை போட்டேன், தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படியவில்லை. அந்தப் பக்கத்தில் சாமியார் இருமினார். மத்தியானத்தில் இருந்து ஊர்ப் பாவத்தையெல்லாம் கேட்டுத் தொண்டை வறண்டிருக்க வேண்டும். பாட்டில் மூடி திருகுகிற சத்தம். அப்புறம் தண்ணீர் இறங்குகிற சத்தம். மடக். மடக். துணிக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், ஒரு மனுஷத் தொண்டை தண்ணீரை வாங்கி வாங்கி உள்ளே விடுகிறது. செலஸ்தீனுக்கு நான்காவது பாவம் மறந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை வாய்ப்பாடு அறுந்தது. "சொல்லுங்கம்மா" என்றார் சாமியார். குரல் இளசாக இருந்தது, தன் மகன் வயசுதான் இருக்கும். "ஃபாதர், வீட்ல எங்க மாமியார் படுக்கையில இருக்காங்க." "ம்." "அவங்களுக்குத் தண்ணி." நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "தண்ணி குடுக்குறதுல குறை வைக்கிறேன் ஃபாதர்." சொல்லிவிட்டாள். பாதி சொல்லிவிட்டாள். இன்னும் ஒரு கேள்வி, ஏம்மா என்று ஒரே ஒரு கேள்வி அவர் கேட்டால் போதும், மீதி அத்தனையும் வாந்தி மாதிரி வந்துவிடும், அந்த மத்தியானம், அந்த டம்ளர், அந்த ருசி. அவர் கேட்டார். இரக்கமாகக் கேட்டார். "வீட்டு வேலையில மறந்துடுறீங்களா?" துணித் தடுப்பில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அவள் அது மேல் விளிம்பைத் தொடுகிற வரைக்கும் பார்த்தாள். "ஆமா ஃபாதர்" என்றாள்.

அவ்வளவுதான். கதவு திறந்தது, அவளே சாத்தினாள். அவர் என்னவோ பேசிக்கொண்டிருந்தார், வயசானவங்களைப் பாக்குறது லேசுப்பட்ட காரியமில்லம்மா, எங்க அம்மாவும் எங்க பாட்டியைப் பார்த்தாங்க, உங்க சோர்வு ஆண்டவருக்குத் தெரியும். தெரியும். அவருக்குத் தெரியும் என்பதுதானே பிரச்சினையே. "செபம் ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் போனதும் அந்த அம்மாவுக்கு உங்க கையால ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. முழு டம்ளர். அன்பா, பக்கத்துல உக்காந்து. அதுதான் உங்க பிராயச்சித்தம். இப்ப மனஸ்தாப செபம் சொல்லுங்க." சொன்னாள். இனிமேல் பாவம் செய்யமாட்டேன் என்று வருகிற இடத்தில் நாக்கு தடுக்கும் என்று காத்திருந்தாள். தடுக்கவில்லை. எண்ணெய் போட்ட கதவு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அவர் கையை உயர்த்திப் பாவமன்னிப்புக் கொடுத்தார். அந்தக் கையின் நிழல் துணியில் பெரிசாக எழுந்து, இறங்கி, போய்விட்டது.

வெளியே தெருவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. மதர் கொன்சாகா ஒரு கதை சொல்லுவார்கள். ஒரு பெண் பாவம் சொல்லச் சொல்ல அவள் வாயில் இருந்து ஒவ்வொன்றாகத் தேள் வெளியே வந்ததாம். கடைசியில் எல்லாவற்றையும்விடப் பெரிய தேள் உதடு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவள் மறைத்ததும் உள்ளே போய்விட்டதாம், வெளியே வந்த அத்தனை தேளும் அதன் பின்னாலேயே வரிசையாகத் திரும்பிப் போய்விட்டனவாம். வகுப்பில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செலஸ்தீன் தெருவில் நடந்துகொண்டே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், எதிரே வந்த பூக்காரி "என்ன டீச்சரம்மா, தூசியா?" என்றாள். தெருக்காரர்கள் அவளை டீச்சரம்மா என்பார்கள், கான்வென்ட் நடையைப் பார்த்து. தலையை ஆட்டினாள். போச்சு. பாதிப் பாவசங்கீர்த்தனம் கள்ளப் பாவசங்கீர்த்தனம். போகும்போது ஒரு பாவம், வரும்போது இரண்டு. ஆனால் நடை வேகமாகிக்கொண்டே இருந்தது, ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு டம்ளர். அந்தப் பையன் சாமியார் தெரிந்தா சொன்னான்? தெரியாமல் சொன்னாலும் சரியான இடத்தில் கை வைத்துவிட்டான். மன்னிப்பு செல்லாது, சரி, சமாதானம் வராது, சரி, ஆனால் ஒரு டம்ளர் தண்ணீருக்கு அதெல்லாம் எதற்கு? கொடுத்தால் கொடுத்ததுதானே. மன்னிப்பே இல்லாமல்கூடக் கொடுக்கலாமே. இதை ஏன் இத்தனை நாள் யோசிக்கவில்லை? ராத்திரி நனையட்டும். நாலு பெட்ஷீட் ஆகட்டும், இடுப்பு ஒடிந்து இரண்டாகப் போகட்டும், இன்றைக்கு ஒரு டம்ளர், முழு டம்ளர், நாளைக்கு அப்புறம் பார்க்கலாம். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. இதுவா? இதைத்தான் சொல்கிறார்களா? நம்பப் பயமாக இருந்தது, பூட்டைத் திறந்தாள்.

அறையில் கட்டிலின் குறுக்கே மேற்கு வெயில் பலகை மாதிரி விழுந்திருந்தது. ஃபேன் இரண்டில்தான் ஓடியது. சவேரியம்மாவின் கண் கதவுப்பக்கம் திரும்பியது, ஜன்னலில் இருந்த டம்ளர்ப் பக்கம் போகவில்லை. செலஸ்தீன் அந்தச் சூடேறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, பானையில் இருந்து புதுசாக, விளிம்பு வரைக்கும் மோந்துகொண்டு வந்தாள். "அத்தே" என்றாள். குரல் அந்நியமாக இருந்தது, கல்யாணமான புதுசில் கூப்பிட்ட குரல். "தண்ணி குடிப்போமா அத்தே?" கட்டிலில் ஏறி உட்கார்ந்து, கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்துத் தலையைத் தூக்கித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். எவ்வளவு லேசாகிவிட்டது இந்தத் தலை. உதடு வெடித்து, காய்ந்த வாழைப்பட்டை மாதிரி இருந்தது. முதல் ஸ்பூன். வாய் திறந்தது, வாங்கிக்கொண்டது. தொண்டை ஏறி இறங்கியது. இரண்டாவது ஸ்பூன். வாங்கிக்கொண்டது. மூன்றாவதை மோந்து கொண்டுபோனாள். உதடு மூடியிருந்தது. புரையேறிவிட்டதோ என்று காத்திருந்து, மறுபடியும் கொண்டுபோனாள். மூடியிருந்தது. "குடிங்கத்தே, இன்னும் இருக்கு, நெறைய இருக்கு." பிடிவாதமாக மூடவில்லை, கோபமாக மூடவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டு வாயை மூடுகிற மாதிரி மூடியிருந்தது. கண் செலஸ்தீனின் முகத்துக்கு வந்தது, அதில் அவள் எதிர்பார்த்த எதுவும் இல்லை. அப்புறம் நல்ல கை, இடது கை, மெதுவாக ஊர்ந்து இடுப்புப் பக்கம் போனது. விரிப்பில் உள்ளங்கையை வைத்துத் தடவியது. இங்கே, அங்கே, தொடைக்கு அடியில். காய்ந்திருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு திரும்பி வந்து, செலஸ்தீனின் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டியது. பயப்படாதே என்கிற மாதிரி.

ஸ்பூன் சரிந்தது. தண்ணீர் கிழவியின் தாடையில் ஓடி, கழுத்தில் இறங்கி, தலையணையில் ஒரு சின்ன வட்டமாக ஊறியது. சவேரியம்மா அதைப் பார்த்தாள். தொண்டையில் இருந்து ஒரு சத்தம், வார்த்தையில்லாத, பதறின சத்தம் கிளம்பியது. அந்த இடது கை அவசர அவசரமாக எழுந்து, அந்த ஈரத்தைத் துடைக்க ஆரம்பித்தது, துடைத்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் டம்ளர் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது.